உஷார்! வரைபடத்தில் இரண்டு மில்லிமீட்டர்

கிராம சபையில் சாலை போடவில்லை என்றால் சத்தம் எழும். குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் காலிக்குடங்கள் வரும். டாஸ்மாக் பேச்சை எடுத்தால் கூட்டமே எழுந்து நிற்கும். ஆனால், ‘கடலோர வாழ்விட மீட்டெடுப்பு’, ‘ஈரநில எல்லை மறுஆய்வு’, ‘சதுப்புநில மேம்பாட்டுத் திட்டம்’ என்று ஒரு பொருளை ஊராட்சிச் செயலர் வாசித்தால் மின்விசிறி ஓடுகிற சத்தம் மட்டும்தான் கேட்கும். பாதுகாப்பை யார் எதிர்ப்பார்கள்? ‘ஏகமனதாக ஏற்கப்பட்டது’ என்று தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரி விழும். அடுத்த பொருளுக்குப் போய்விடுவார்கள்.

உஷாராக இருக்க வேண்டிய இடம் அதுதான். அந்தத் தீர்மானத்தோடு ஒரு வரைபடம் இணைக்கப்பட்டிருக்கும். பெரும்பாலும் அதை யாரும் விரித்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். எது காப்பாற்றப்படும், எது கைவிடப்படும், உங்கள் வலை காயும் மணல் யாருடையது, உங்கள் தெரு வெள்ளத்தில் எத்தனை நாள் மிதக்கும் என்பதையெல்லாம் முடிவு செய்வது தீர்மானத்தில் இருக்கும் நல்ல சொற்கள் அல்ல, அந்த வரைபடத்தில் ஓடும் கோடுதான்.

இதை இப்போது சொல்லக் காரணம் உண்டு. தமிழ்நாட்டில் பன்னாட்டு ராம்சார் உடன்படிக்கையின் தகுதி பெற்ற ஈரநிலங்கள் 2021 வரை கோடியக்கரை ஒன்றே ஒன்றுதான். 2022-இல் தொடங்கி 2025 பிப்ரவரிக்குள் அந்த எண்ணிக்கை 20 ஆனது. பிச்சாவரம், பள்ளிக்கரணை, மன்னார் வளைகுடா, கழுவெளி, சக்கரக்கோட்டை என்று பட்டியல் நீள்கிறது. கூடவே, உலக வங்கி உதவியோடு 1,675 கோடி ரூபாயில் கடலோர மீட்புத் திட்டம் வந்திருக்கிறது. பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் கடற்பசுக் காப்பகம் 2022 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. எல்லாம் நல்ல செய்திதான், மறுக்கவில்லை. ஆனால், இத்தனை இடங்களுக்கும் எல்லை குறிக்க வேண்டும், மேலாண்மைத் திட்டம் எழுத வேண்டும், வேலைகளை ஒப்பந்தத்துக்கு விட வேண்டும். காகிதங்கள் ஊர் ஊராக வரத்தான் போகின்றன. அவற்றைப் படிக்க ஊரில் ஆள் இருக்கிறார்களா என்பதுதான் கவலை.

ஒரு பேனாக் கோட்டின் அகலம்

கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை முதலில் 1991 பிப்ரவரியில் வந்தது. 2011 ஜனவரியில் மாறியது. இப்போது நடப்பில் இருப்பது 2019 ஜனவரி 18-இல் வந்தது. ஒவ்வொரு மாற்றத்திலும் கரையோரக் கட்டடத் தடை எவ்வளவு சுருங்கியது என்று பாருங்கள். 2011 விதிப்படி, ஊரகக் கடற்கரையில் உயர் ஓதக் கோட்டிலிருந்து, அதாவது ஓதம் ஏறித் தொடும் எல்லையிலிருந்து, 200 மீட்டர் வரை வளர்ச்சித் தடை மண்டலம். 2019 விதிப்படி, 2011 மக்கள்தொகைக் கணக்கில் சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் இருந்தால் அது வெறும் 50 மீட்டர். கழிமுகம், உப்பங்கழி ஓரங்களில் முன்பு 100 மீட்டராக இருந்த அளவும் 50 மீட்டராகக் குறைந்தது. ஓடையின் அகலம் அதைவிடக் குறைவாக இருந்தால் அந்த அகலம் மட்டுமே.

இந்த மண்டலங்களைக் காட்டும் கடலோர மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடம் 1:25,000 அளவில் வரையப்படுகிறது. அதாவது தாளில் ஒரு சென்டிமீட்டர் என்றால் தரையில் 250 மீட்டர். உங்களைக் காக்க வேண்டிய அந்த 50 மீட்டர், தாளில் வெறும் இரண்டு மில்லிமீட்டர். அரை மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு பேனாக் கோடு தரையில் பன்னிரண்டரை மீட்டரை மூடிவிடும். ஒரு வீட்டு மனை முழுதாக அந்தக் கோட்டுக்குள் மறைந்துபோகும். உங்கள் வீடு கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று இந்தத் தாளைப் பார்த்து எந்தக் கொம்பனாலும் சொல்ல முடியாது.

அதற்காகத்தான் உள்ளாட்சிகளின் பயன்பாட்டுக்கு 1:4,000 அளவில், சர்வே எண்களோடு கூடிய உள்ளூர் வரைபடம் தயாரிக்க வேண்டும் என்று விதியே சொல்கிறது. அதில் 50 மீட்டர் ஒன்றேகால் சென்டிமீட்டராகத் தெரியும். கண்ணால் பார்க்கலாம், கைவைத்துக் காட்டலாம். ஆகவே, உங்கள் ஊர் மன்றத்தில் கடலோர வரைபடம் என்று ஒன்றை நீட்டினால் முதல் கேள்வி, ‘இது எந்த அளவில் வரைந்தது?’ என்பதாக இருக்கட்டும். இருபத்தைந்தாயிரம் என்றால், சர்வே எண் உள்ள நாலாயிரம் அளவுப் படம் கைக்கு வரும்வரை தீர்மானத்தைத் தள்ளிவையுங்கள். ஒத்திவைப்பது உங்கள் உரிமை. அதற்கு யாரும் கோபித்துக்கொள்ள முடியாது.

இன்னொரு ஆபத்து இதைவிடப் பெரியது. மணல்மேடு, அலையாத்திக் காடு, உயிர்ப்புள்ள சேற்றுத் திட்டு, ஆமை முட்டையிடும் கரை, கடற்புல் படுகை, உப்புச் சதுப்பு ஆகியவை விதிப்படி முதல் வகைப் பாதுகாப்பில் வர வேண்டும். மிகக் கடுமையான பாதுகாப்பு அதுதான். ஆனால், அந்த வகை உங்கள் மணல்மேட்டுக்குக் கிடைக்க வேண்டுமானால், அந்த மணல்மேடு வரைபடத்தில் இருக்க வேண்டும். வரையப்படாத மணல்மேடு அரசாங்கக் கணக்கில் வெறும் மணல். தாழையும் இராவணன் மீசையும் அடம்பும் படர்ந்து கிடந்தாலும் சரி, அது ‘காலி இடம்’தான்.

இதெல்லாம் நடக்குமா என்று கேட்பவர்கள் சென்னைக்கு வடக்கே உள்ள எண்ணூரை நினைத்துக்கொள்ளலாம். 1996-இல் மத்திய அரசு ஒப்புதல் தந்த வரைபடத்தில் பாதுகாக்கப்பட்ட பகுதியாக இருந்த கழிமுகம், பின்னால் மாநில அதிகாரிகள் கையில் புழங்கிய இன்னொரு வரைபடத்தில் காணாமலே போயிருந்தது. இதைத் தகவல் உரிமைச் சட்டத்தின் வழியாக வெளியே கொண்டுவந்தவர்கள் அங்கே போராடிக்கொண்டிருந்த மீனவர்களும் ஆர்வலர்களும்தான். சுமார் 6,500 ஏக்கர் என்று அவர்கள் கணக்குச் சொன்னார்கள். தண்ணீர் அங்கேயே ஓதம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இறால் தடவும் பெண்கள் அதே சேற்றில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். தாளில் மட்டும் கழிமுகம் இல்லை.

2023 ஆகஸ்டில், 2019 விதிப்படியான வரைவு வரைபடங்கள் மீது தமிழகக் கடலோர மாவட்டங்களில் கருத்துக்கேட்புக் கூட்டங்கள் நடந்தன. பல ஊர்களிலிருந்து வந்த மீனவர்கள் ஒரே புகாரைத்தான் சொன்னார்கள்: எங்கள் ஊர் இந்தப் படத்தில் இல்லை. வலை காயவைக்கும் இடம், படகு நிறுத்தும் இடம், மீன் ஏலம் போடும் இடம் எதுவும் குறிக்கப்படவில்லை. நாளை பிள்ளைகள் வீடு கட்ட வேண்டிய நீண்டகாலக் குடியிருப்புத் திட்டமும் இல்லை. விதியில் கட்டாயம் என்று எழுதப்பட்டவைதான் இவை எல்லாம். ஊர் இல்லாத வரைபடத்தின் மீது அந்த ஊர்க்காரரிடமே கருத்துக் கேட்பது என்ன வகை நிர்வாகம் என்று புரியவில்லை.

பள்ளிக்கரணையில் நடப்பதை எல்லா ஊரும் பார்க்க வேண்டும்

ஈரநில எல்லைக் கோடு தப்பினால் என்ன ஆகும் என்பதற்குத் தென்சென்னையைவிடப் பெரிய பாடம் தமிழ்நாட்டில் இல்லை. பள்ளிக்கரணைச் சதுப்பு அரை நூற்றாண்டுக்கு முன் ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் பரவிக் கிடந்தது. வருவாய்க் கணக்கில் அது யாருக்கும் உதவாத நிலம். அந்த எண்ணத்திலேயே மாநகரம் அங்கே குப்பையைக் கொட்டியது. பெருங்குடிக் குப்பைமேடு சதுப்பின் மேலேயே வளர்ந்து 200 ஏக்கரைத் தாண்டியது. ரயில் பாதை, தொழில்நுட்பப் பூங்கா, அரசு ஆராய்ச்சி நிறுவனங்கள், அடுக்குமாடிகள் என்று எல்லாமே சதுப்பில்தான் கால் ஊன்றின. 2007-இல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. பிறகு வனத் துறையின் கையில் இருக்கும் பரப்பு கொஞ்சம் கூடியது. 2022 ஏப்ரலில் 1,247 ஹெக்டேர் ராம்சார் நிலமானது.

இந்த எண்களை ஒன்றோடொன்று வைத்துப் பாருங்கள். ராம்சார் பரப்பு, வனத் துறையின் கையில் இருக்கும் பரப்பைவிடப் பெரியது. அப்படியென்றால், உலகத்துக்கு ‘இது பாதுகாக்கப்பட்ட ஈரநிலம்’ என்று சொல்லிவிட்ட ஒரு பகுதி, உள்ளூரில் இன்னும் வேறு பெயரில், வேறு வகைப்பாட்டில், சில இடங்களில் பட்டாவாகவே கிடக்கிறது. எல்லை தரையில் நடப்படவில்லை. சர்வே எண் வாரியாகப் பட்டியல் வரவில்லை. இந்த இடைவெளியில்தான் கட்டட அனுமதிகள் புகுந்து வெளியேறின.

கடைசியில் 2025-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தலையிட்டது. எல்லையும் தாக்கப் பரப்பும் (சதுப்பின் நலனைப் பாதிக்கும் சுற்றுப்பகுதி) அறிவியல் முறையில் ஆய்வு செய்யப்பட்டு முடிவாகும்வரை ராம்சார் நிலத்துக்குள்ளும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள்ளும் புதிய கட்டுமான அனுமதி கூடாது என்று சொன்னது. நல்லது என்று கைதட்டுவதற்குள் அங்கே வீடு வாங்கிய, வீடு கட்ட நினைத்த சாதாரண மனிதர்கள் அலறினார்கள். வேளச்சேரி, பெரும்பாக்கம், மேடவாக்கம், சோழிங்கநல்லூர் பக்கம் ஒரு கிலோமீட்டர் வட்டம் போட்டால் எத்தனை தெருக்கள் அதற்குள் விழும்! ஆயுள் சேமிப்பைப் போட்டு மனை வாங்கியவருக்கு, அது சதுப்பின் தாக்கப் பரப்பில் இருக்கிறதா என்று கேட்க வேண்டும் என யாரும் சொல்லித் தரவில்லை. விற்றவர் சொல்லவில்லை. அனுமதி கொடுத்தவரும் சொல்லவில்லை.

இந்தக் குழப்பம் சதுப்பைக் காப்பதால் வந்தது என்று சிலர் பேசுகிறார்கள். அப்படி இல்லை. 2022-லேயே எல்லைக் கல் நட்டு, சர்வே எண்களை ஊர்ப் பலகையில் எழுதிவைத்திருந்தால் 2025-இல் ஒரு வட்டம் போட்டு எல்லாவற்றையும் நிறுத்த வேண்டிய நிலை வந்திருக்காது. தாமதமான எல்லைக் கோடு ஏழையையும் நடுத்தரத்தையும்தான் முதலில் அறுக்கும். பெரிய நிறுவனங்களிடம் வக்கீல்கள் இருக்கிறார்கள்.

தண்ணீருக்கோ எந்தத் தீர்ப்பும் தேவையில்லை. தென்சென்னையின் ஏரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வழிந்து பள்ளிக்கரணைக்கு வந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாயைத் தொட்டு, கோவளம் முகத்துவாரத்தில் கடலில் சேர வேண்டும். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் அந்தத் தண்ணீர் தன் பழைய வீட்டைத் தேடி வந்தது. அங்கே இருந்தவர்கள் படகில் வெளியேறினார்கள்.

உங்கள் ஊர் சென்னை இல்லை என்று இதைத் தள்ளிவிட வேண்டாம். விழுப்புரம் மாவட்டத்தின் கழுவெளி ஏரி 2024-இல் ராம்சார் நிலமானது. ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் பரப்பு, சுற்றிலும் விவசாயக் கிராமங்கள், இறால் பண்ணைகள். ராமநாதபுரத்துச் சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் 2025-இல் சேர்ந்தன. பட்டியலில் பெயர் வந்துவிட்டது. கல் எங்கே நடப்படும்? எந்த சர்வே எண்ணில் தொடங்கி எதில் முடியும்? இதைக் கேட்க வேண்டிய காலம் இப்போது. பத்து வருடம் கழித்துத் தீர்ப்பாயம் வந்து கேட்கும்போது அல்ல.

ஏரிக்கரைக்காரர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. 2017-இல் வந்த ஈரநில விதிகள், குடிநீருக்கும் பாசனத்துக்கும் மனிதர் வெட்டிய நீர்நிலைகளை ஈரநிலம் என்ற வரையறைக்கு வெளியே தள்ளிவிட்டன. உப்பளமும் வெளியே, நெல்வயலும் வெளியே. தமிழ்நாட்டில் ஏரி, கண்மாய் என்று இருப்பவை 39,000-க்கும் மேல். ஏறக்குறைய எல்லாமே முன்னோர் கரை கட்டிப் பாசனத்துக்கு வைத்தவை. ராம்சார் பட்டியலில் ஏறிய வேடந்தாங்கல், கூந்தன்குளம், வடுவூர் போன்ற சில தப்பின. மற்றவற்றுக்கு இந்த விதிகளின் குடை இல்லை. ‘ஈரநிலமாகத்தான் அறிவித்துவிட்டார்களே’ என்று நீங்கள் நம்பியிருக்கும் ஏரி உண்மையில் அறிவிக்கப்பட்டதா, அல்லது ஒரு திட்டத்தின் பயனாளிப் பட்டியலில் மட்டும் இருக்கிறதா? இரண்டும் வேறு வேறு. முன்னதற்குச் சட்டம் இருக்கிறது, பின்னதற்கு ஒரு பெயர்ப்பலகை.

அறிவித்ததும் நிலைக்கும் என்று சொல்ல முடியாது. வேடந்தாங்கலைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் சரணாலயம் என்று 1998-இல் அறிவித்தார்கள். 2020-இல் அதைத் திருத்தி, சரணாலய அந்தஸ்தை மூன்று கிலோமீட்டராகச் சுருக்கும் யோசனை மேலே போனது. பக்கத்தில் மருந்துத் தொழிற்சாலை விரிவாக்கம் காத்திருந்தது. ஊர்மக்களும் பறவை ஆர்வலர்களும் சத்தம் போட்ட பிறகுதான் அது நின்றது. யோசனையின் தலைப்பில் ‘சுருக்குதல்’ என்று யாரும் எழுதமாட்டார்கள். ‘மறுவரையறை’, ‘சீரமைப்பு’ என்றுதான் எழுதுவார்கள்.

காப்பதாகச் சொல்லிச் செய்யும் வேலைகள்

எல்லைக்கு அடுத்தது, எல்லைக்குள் என்ன வேலை நடக்கிறது என்பது. மரம் நடுகிறார்கள் என்றால் நமக்கு மறுபேச்சே வராது. ஆனால், என்ன மரம், எங்கே என்று கேளுங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு கரை நெடுகச் சவுக்கு நட்டார்கள். அலையைத் தடுக்கும் என்றார்கள். மணல்மேட்டின் மேலேயே, நீர்க்கோட்டுக்கு அருகிலேயே அடர்த்தியாக நட்ட இடங்களில் பங்குனி ஆமைகள் ஏறி முட்டையிட இடமில்லாமல் போனது. இயற்கையான மணல்மேட்டைத் தட்டிச் சமமாக்கிவிட்டு அதன்மேல் சவுக்கு நடுவது, தடுப்புச் சுவரை இடித்துவிட்டு அந்த இடத்தில் குடை பிடித்து நிற்பது போலத்தான். புயலலையின் வேகத்தை முதலில் வாங்குவது மணல்மேடுதான். அதைப் பிடித்துவைப்பது அடம்பும் இராவணன் மீசையும். இவற்றின் நாற்று எந்த ஒப்பந்தத்திலும் பெரிய தொகையாக வராது, அதனால் ஒப்பந்ததாரருக்கு அவற்றின் மேல் ஆசையும் வராது.

அலையாத்திக்கும் இதே கதை. பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் காடு அழிந்த இடத்தில், மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, ஓதநீர் உள்ளே வந்துபோக வழி செய்து நட்டவை நன்றாக வளர்ந்தன. ஊர்க்காரரைச் சேர்த்துக்கொண்டு செய்த வேலை அது. ஆனால், இலக்கு ஹெக்டேர் கணக்கில் வரும்போது, இயல்பாகவே மரமில்லாத சேற்றுத் திட்டுகளிலும் நாற்றைக் குத்திவிடும் ஆசை வருகிறது. அந்தத் திட்டு வெற்றிடம் இல்லை. வலசை வரும் உள்ளான்களும் பூநாரைகளும் மேய்கிற இடம் அது. நண்டும் மட்டியும் பொறுக்கி அன்றாடக் கஞ்சி காய்ச்சும் குடும்பங்களின் வயல் அது. நட்ட நாற்று ஓதத்தில் போய்விட்டால் காசு போயிற்று. பிழைத்துவிட்டால் திட்டு போயிற்று. எப்படிப் பார்த்தாலும் நட்டம் ஊருக்குத்தான். எத்தனை நட்டீர்கள் என்று கேட்காமல், மூன்று வருடம் கழித்து எத்தனை உயிரோடு இருக்கின்றன, அதற்கு முன் அந்த இடத்தில் என்ன இருந்தது என்று கேளுங்கள்.

ஏரிகளில் இன்னொரு நாகரிகம் பரவியிருக்கிறது. கரையைச் சுற்றிக் கான்கிரீட் நடைபாதை, இரும்பு வேலி, நடுவில் தீவு, செல்ஃபி எடுக்க ஆங்கில எழுத்தில் ஊர்ப்பெயர். திட்டத்தின் பெயர் ‘மீட்டெடுப்பு’. நீர்வரத்துக் கால்வாயைப் பற்றி அதில் ஒரு வரி இருக்காது. சேரும் சாக்கடையைப் பற்றியும் இருக்காது. 2017 விதிகள் அறிவிக்கப்பட்ட ஈரநிலங்களில், கடந்த பத்து வருடங்களில் பதிவான சராசரி உயர் வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டுமானம் கூடாது என்கின்றன. படகுத்துறைக்கு மட்டும்தான் விலக்கு. நடைபாதைக்கு யார் விலக்குக் கொடுத்தது?

கடற்கரையில் நீலக்கொடி என்று ஒன்று. கோவளம் 2021-இல் அந்தச் சான்றிதழைப் பெற்றது. மெரினாவிலும் அதே பாணியில் வேலை நடந்தது. தூய்மையான கடற்கரை யாருக்குக் கசக்கும்? ஆனால், இந்தச் சான்றிதழுக்காக 2019 ஜூலையிலேயே மத்திய அமைச்சகம், உயர் ஓதக் கோட்டிலிருந்து பத்து மீட்டர் தள்ளிக் கழிப்பறை, உடைமாற்றும் அறை, கழிவுநீர் சுத்திகரிப்பு அமைப்பு போன்றவற்றைக் கட்டலாம் என்று விலக்குத் தந்தது. மீனவர் தன் வீட்டுக்கு ஓர் அறை சேர்க்க அலைந்து களைத்த அதே மணலில்! கரைவலை இழுக்கும் இடமும் படகு ஏற்றும் இடமும் அந்தத் திட்டப் படத்தில் இருக்கின்றனவா, இல்லை பிரம்புக் குடைகள் மட்டும்தான் இருக்கின்றனவா என்பதை வேலை தொடங்கும் முன் பார்க்க வேண்டும்.

யார் பார்த்தார்கள், யார் கையெழுத்துப் போட்டார்கள்?

உள்ளாட்சிக்கு இதில் வேலை இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அரசியல் சட்டத்தின் 11-ஆம் அட்டவணையில் சிறுபாசனம், நீர் மேலாண்மை, மீன்வளம், சமூகக் காடு எல்லாம் ஊராட்சிக்குரிய பொருள்களாக இருக்கின்றன. நகரங்களுக்கான 12-ஆம் அட்டவணையில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நேரடியாகவே வருகிறது.

ஆனால், தீர்மானத்தின் கீழ் இருப்பது யாருடைய கையெழுத்து என்று பாருங்கள். செங்கல்பட்டு, விழுப்புரம், திருநெல்வேலி உள்ளிட்ட ஒன்பது மாவட்டங்கள் நீங்கலாக, மற்ற மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. அந்த இடங்களில் நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போனது. திருவள்ளூர், கடலூர், நாகப்பட்டினம், புதுக்கோட்டை, ராமநாதபுரம், தூத்துக்குடி, கன்னியாகுமரி என்று கடற்கரையின் பெரும்பகுதி அதில் அடங்கும். தலைவரும் வார்டு உறுப்பினர்களும் இல்லாத காலத்தில், அரசுத் துறை கொண்டுவரும் திட்டத்தை அரசு அலுவலர் ஒருவரே ‘ஊராட்சி சார்பில்’ பரிசீலித்து ஒப்புக்கொள்ள முடியும். அலுவலர்கள் மேல் குற்றம் சொல்லவில்லை. பல ஊராட்சிகளைச் சேர்த்துப் பார்க்கும் ஒருவருக்கு, எந்த மணல்மேட்டில் ஆமை ஏறும் என்று எப்படித் தெரியும்? ஜனவரி 2025-க்குப் பிறகு உங்கள் ஊராட்சியின் பெயரில் கடல், கழிமுகம், ஏரி தொடர்பாகப் போன தீர்மானங்களின் நகலை முதலில் வாங்குங்கள். இதுதான் மிக அவசரம்.

பல்லுயிர் மேலாண்மைக் குழு என்று ஒன்றும் உங்கள் ஊரில் இருக்கிறது. கேள்விப்பட்டதில்லையா? பெரும்பாலானவர்கள் கேள்விப்பட்டதில்லை. 2002-ஆம் வருடச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் அந்தக் குழு வேண்டும், மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதப்பட வேண்டும். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2020 ஜனவரி 31 வரை கெடு வைத்து, தவறும் மாநிலம் மாதம் 10 லட்சம் கட்ட வேண்டும் என்றதும் நாடு முழுக்கக் குழுக்களும் பதிவேடுகளும் மளமளவென்று பிறந்தன. அவசரத்தில் பிறந்த பதிவேட்டில் உங்கள் கழிமுகம் இருக்கிறதா? பக்கத்து ஊர்ப் பதிவேட்டின் பறவைப் பட்டியலே எழுத்து மாறாமல் இருக்கிறதா? அலுவலகத்தில் கேட்டுப் படியுங்கள். நாளை ஒரு திட்ட அறிக்கை, ‘இப்பகுதியில் குறிப்பிடத்தக்க உயிரினங்கள் பதிவாகவில்லை’ என்று உங்கள் ஊர்ப் பதிவேட்டையே சாட்சிக்கு அழைக்கலாம்.

கடலோர விதிமீறல்களைக் கண்காணிக்க ஆட்சியர் தலைமையில் மாவட்டக் குழு உண்டு. அதில் மீனவர் உள்ளிட்ட பாரம்பரியக் கடலோரச் சமூகங்களின் பிரதிநிதிகள் குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும் என்பது விதி. உங்கள் மாவட்டத்தில் அந்த மூன்று பேர் யார்? ஊர்ப் பஞ்சாயத்து நாட்டாருக்காவது தெரியுமா? கடைசியாக எப்போது கூட்டம் நடந்தது? நகரத்தில் இருப்பவர்கள் மாநகராட்சியிடம் இன்னும் சங்கடமான கேள்வியைக் கேட்க வேண்டியிருக்கிறது. சதுப்பில் குப்பை கொட்டியவரே சதுப்புப் பாதுகாப்புத் திட்டத்தையும் மதிப்பாய்வு செய்கிறார். பெருங்குடியில் பழைய குப்பையைத் தோண்டிப் பிரித்து மீட்கும் நிலம் சதுப்புக்கே திரும்புமா, அல்லது அதன்மேல் வேறு கட்டடம் எழுமா? தோண்டத் தொடங்கிய நாளிலேயே மன்றத்தில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது.

கெடுக்கள் குறுகியவை, நினைவில் வையுங்கள். ஒரு திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்துவிட்டால், அதை எதிர்த்துத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள். தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 60 நாள். 91-ஆம் நாள் எவ்வளவு நியாயம் கையில் இருந்தாலும் கதவு திறக்காது. அனுமதி கொடுத்ததே ஊருக்குத் தெரிய நூறு நாள் ஆன கதைகள் ஏராளம். ஆகவே, அனுமதிக்குப் பிறகு ஓடுவதைவிட, திட்டம் பரிசீலனையில் இருக்கும்போதே ஆட்சேபணையை எழுத்தில் போட்டுவைப்பதுதான் புத்திசாலித்தனம்.

தகவல் உரிமை மனுவுக்குப் பத்து ரூபாய்தான். 30 நாளில் பதில் தர வேண்டும். ‘திட்டம் பற்றிய விவரம் தேவை’ என்று பொதுவாக எழுதினால் பொதுவான பதில்தான் வரும். சர்வே எண் வாரியாக எல்லைப் பட்டியல், 1:4,000 உள்ளூர் வரைபடத்தின் நகல், விரிவான திட்ட அறிக்கை, வேலை மதிப்பீட்டுப் பட்டியல், கூட்ட நடவடிக்கைக் குறிப்பு, தீர்மான எண், தேதி என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள ‘அ’ பதிவேட்டில் அந்த நிலம் என்ன வகையென்று ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். ஓடைப் புறம்போக்கு தரிசாக மாறியிருந்தால், எப்போது, யார் உத்தரவால் என்று அடுத்த மனு. மனை வாங்கப்போகிறவர்களும் இதையே செய்யலாம். வில்லங்கச் சான்றிதழில் சதுப்பு தெரியாது.

கிராம சபை வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். நீர்நிலைப் பொருள்கள் அன்றைக்குத்தான் அதிகம் வரும். கூட்டத்துக்கு முன்பே, கரைவலைக்காரர், இறால் தடவும் பெண்கள், ஏரிப் பாசனக்காரர், ஆடு மேய்ப்பவர் என்று நாலைந்து பேர் வரைபடத்தோடு அந்த இடத்தை ஒருமுறை நடந்து பாருங்கள். கோடு எங்கே போகிறது என்பது கால் வைத்து நடந்தால்தான் புரியும். கைப்பேசியில் இடக் குறியீட்டோடு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் ஆதரவா எதிர்ப்பா என்று அவசரப்பட்டுக் கை தூக்க வேண்டியதில்லை. ‘சர்வே எண் பட்டியலும் உள்ளூர் வரைபடமும் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டு, இடத்தை நேரில் பார்வையிட்ட பிறகு அடுத்த சபையில் பரிசீலிக்கப்படும்’ என்று எழுதச் சொல்லுங்கள். எழுதியதை வாசித்துக்காட்டச் சொல்லுங்கள். தீர்மானப் புத்தகத்தில் வரிகளுக்கு நடுவே வெற்றிடம் விட்டிருந்தால் கோடு கிழிக்கச் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு கையெழுத்துப் போடுங்கள். தனியாகக் கொடுக்கும் ஆட்சேபணை மனுவின் இரண்டாவது நகலில் தேதியோடு அலுவலக முத்திரை வாங்காமல் வீட்டுக்கு வராதீர்கள்.